மகள் பேசுவதற்கு ஒரு கம்ப்யூட்டர்

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஐப்பசி கடைசி. கடலூரில் விடாத மழை. டூட்டி முடிந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். இடி விழுந்ததாம். எங்கள் வீட்டின் மேல் விழவில்லை, தெருக்கோடி டெலிபோன் கம்பத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் ஒயர் வழியாக அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இன்டர்நெட் பெட்டியிலிருந்து கருகல் நாற்றம். கம்ப்யூட்டரில் உயிர் இல்லை.

உள்ளே மகள் அதன் பட்டனை அழுத்துவதும் காத்திருப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். தெருவே அலறிய அந்த இடி அவளுக்குக் கேட்டிருக்காது. பேசிக்கொண்டிருந்த தோழியின் முகம் பாதியில் மறைந்து திரை கறுப்பானது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

என் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. சின்ன வயசிலிருந்தே காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்தாள். அங்கேதான் சிதம்பரத்துப் பெண் ஒருத்தி அவளுக்குக் கிடைத்தாள். பக்கத்துப் பக்கத்துப் பாய். தலைவாரிவிடுவதிலிருந்து காய்ச்சலுக்குக் கஞ்சி வாங்கி வருவதுவரை ஒருத்திக்கு மற்றவள்தான். பள்ளி முடிந்ததும் அவள் சிதம்பரத்துக்குப் போய்விட்டாள், இவள் கடலூருக்கு வந்துவிட்டாள்.

எழுதிப் பேசிக்கொள்ளலாமே, மொபைலில் மெசேஜ் அனுப்பலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். அனுப்புவார்கள்தான். ஆனால் எழுதுகிற தமிழ் என் மகளுக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டது. "அம்மா கடை போச்சு, மழை நிறைய" என்கிற அளவில்தான் அது வரும். கையால் பேசுவதுதான் அவளுடைய சொந்தப் பேச்சு. அதில் அவள் கேலி செய்வாள், நடித்துக் காட்டுவாள், பொய் சொல்வாள், ஒரு முழு சினிமாவையும் சொல்லி முடிப்பாள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. என் மனைவிக்குச் சாப்பாடு, காய்ச்சல், கடை, பயணம் இதற்கெல்லாம் சைகை நன்றாகத் தெரியும். எனக்கு அதுவும் அரைகுறை.

அதனால்தான் அவள் பள்ளி முடித்த வருஷம் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கிற வேலை, கற்றுக்கொள்வதற்கு என்று பெயர். ஆனால் அதன் தலையில் சின்னதாக ஒரு கேமரா உட்கார்ந்த பிறகுதான் அது எங்கள் வீட்டுப் பொருளானது. தோழியின் வீட்டிலும் ஒன்று இருந்தது, அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது வாங்கி வைத்தது. சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். அந்த நாளில் இன்டர்நெட் அப்படியொன்றும் வேகம் இல்லை. படம் விட்டு விட்டுத்தான் வரும். கை மேலே போவது தெரியும், கீழே வருவது தெரியாது. அதற்கும் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒவ்வொரு சைகையையும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து நிறுத்திக் காட்டுவார்கள். பார்ப்பதற்கு இரண்டு பேரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பேசுவதைப்போல இருக்கும்.

மழை விட்டதும் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திறந்து பார்த்து, போர்டு மொத்தமும் போய்விட்டது என்றார். மானிட்டரும் கீபோர்டும் பிழைத்துக்கொண்டன. மற்றதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். பழைய போர்டுக்குப் பொருந்துகிற சாமானே இப்போது வருவதில்லையாம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதற்கு முந்தின வருஷம்தான் மனைவிக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. சொசைட்டியில் வாங்கிய கடன் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தமாகிக்கொண்டிருந்தது. யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும்.

ஆனால் எனக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. நான் கடலூர்–சிதம்பரம் தடத்தில் கண்டக்டர். வருஷா வருஷம் சித்திரை வெயிலில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் படிப்பு முடித்த மாணவர்கள் மூட்டை முடிச்சோடு ஏறுவார்கள். பெட்ஷீட்டில் மானிட்டரைச் சுற்றிக் குழந்தையைப்போல மடியில் வைத்திருப்பார்கள். லக்கேஜ் டிக்கெட்டுக்கு என்னோடு வாதாடுவார்கள். ஊர் தூரமாக இருக்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போக முடியாமல் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போவார்கள் என்பதும் அவர்கள் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கிறது. அதுவரை பொறுத்தால் நம் கைக்கு எட்டுகிற விலையில் ஒன்று கிடைக்கும்.

இதை மனைவி மகளுக்குச் சைகையில் சொன்னாள். கார்த்திகை, மார்கழி, தை என்று மகள் விரல் மடக்கிப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். கோபமோ அழுகையோ கிடையாது. எனக்கென்னவோ கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கேமரா இருந்தது. ஒருநாள் மனைவி அவளை அங்கே கூட்டிப்போனாள். தடுப்பு வைத்த சின்ன அறை. தோழியும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். இவள் கையை ஆட்டிப் பேச ஆரம்பித்ததும் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் யாரோ அவளைப்போலவே கையை ஆட்டிக்காட்ட, சிரிப்பு. மகளுக்குக் காது கேட்காதே தவிர, முதுகுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் தெரியும். பாதியில் எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கூப்பிட்டால் வரவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை டூட்டி இருந்தால் அவளை என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். முன்பக்க ஜன்னலோரம் உட்காருவாள். புதுச்சத்திரம், முட்லூர் தாண்டும்போதே முடியைச் சரிசெய்துகொள்வாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தோழி அவளுடைய அம்மாவோடு நிற்பாள். திரும்ப வண்டி எடுக்கும்வரை, நான் டீ குடித்துவிட்டு டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கி வருகிற அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுடையது. தூணோரமாக நின்று இரண்டு பேரும் பேசுவதை, பூ விற்கிற அம்மா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை நேரமாகிவிட்டது. மகள் ஏறி உட்கார்ந்தும் பேச்சு நிற்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளே இவள் கை, வெளியே அவள் கை. வண்டி நிறைந்திருந்தது. நான் விசிலை வாயில் வைத்தேன், ஊதவில்லை. கண்ணாடியில் டிரைவர் என்னைப் பார்த்தார். அவரும் ஸ்டியரிங்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமராட்சிப் பக்கத்து ஆள் போலிருந்தது, வெற்றிலை போட்ட ஒரு பெரியவர், மெதுவாக என்னைக் கேட்டார்.

"என்னா கண்டக்டரே, பொண்ணுங்க ரெண்டும் சண்டை போட்டுக்குதா?"

"இல்லீங்க. ஒரு வாரக் கதை பாக்கி இருக்குது."

"அப்ப முடிச்சுக்கட்டும்" என்று அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம்தான் விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தபோது தோழி கூடவே நடந்தாள். பஸ் ஸ்டாண்ட் வாசலில் வண்டி திரும்புகிற வரைக்கும் அவர்கள் கைகள் பேசிக்கொண்டே வந்தன.

தை பிறந்த பிறகு அதுவும் நின்றது. எனக்கு வேறு தடத்தில் டூட்டி போட்டார்கள். தோழியின் அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஸ்டாண்டுவரை நடக்க முடியவில்லை. மெசேஜ் மட்டும் வந்தது. "நல்லா. நீ நல்லா?" இவளும் அதையே திருப்பி அனுப்புவாள். வீட்டில் மகளுடைய கைகள் வரவரக் குறைவாகத்தான் அசைந்தன. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, சரி. அவ்வளவுதான். மனைவி ஒருநாள் என்னிடம், "இப்ப அவ நம்மகூடப் பேசற அளவுக்குத்தான் யோசிக்கவும் செய்யறாளோன்னு பயமா இருக்குங்க" என்றாள்.

சித்திரை வந்தது. லீவு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனேன். பல்கலைக்கழகத்துப் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவர்களில் கட்டில், மின்விசிறி, சைக்கிள், கம்ப்யூட்டர் விற்பனைக்கு என்று துண்டுச்சீட்டுகள் ஒட்டியிருந்தன. முதலில் பார்த்தது மகளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதைப் பார்ப்பதற்குள் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். மத்தியான வெயிலில் பன்னீர் சோடா குடித்துவிட்டு, ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறைக்குப் போனோம். தர்மபுரிப் பக்கத்துப் பெண். படிப்பை முடித்துவிட்டு பெங்களூரில் வேலைக்குச் சேரப்போகிறாள். அறையில் பாதி மூட்டை கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரம்மா வாசலில் நின்றுகொண்டார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினாள். மகள் கீழே உட்கார்ந்து தான் கொண்டுவந்திருந்த கேமராவைப் பையிலிருந்து எடுத்துச் சொருகினாள். எங்களுடையதும் இடியில் போய்விட்டதால் கடன் வாங்கி வந்த கேமரா அது. திரையில் அவள் முகம் வந்தது. கையை மெதுவாக அசைத்துப் பார்த்தாள். பிறகு வேகமாக. பிறகு இரண்டு கையையும் வைத்து என்னென்னவோ பேசினாள். திரையிலும் அதே வேகத்தில் அந்தக் கைகள் அசைந்தன. விட்டுப்போகவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையாட்டினாள். அவ்வளவுதான், அவளுக்குத் திருப்தி.

விற்கிற பெண்ணுக்கு இதெல்லாம் புரியவில்லை. மகள் கேமராவைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பாள் போல. மேஜைக்குக் கீழே குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்தாள். திடீரென்று அறை அதிருகிற மாதிரி ஒரு பாட்டு.

"அங்கிள், ஸ்பீக்கர் செட்டோட சேத்துத்தான் இந்த வெல. இதுக்கு மட்டுமே தனியா ரெண்டு பேரு கேட்டாங்க. இந்த மாதிரி சவுண்டு எங்கயும் கெடைக்காது."

விலையைக் குறைக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. "எங்க வீட்டுக்குப் பாட்டு வேணாம்மா. ஸ்பீக்கரை நீ அவுங்களுக்கே குடுத்துடு. அதுக்கு உண்டானதை வெலயில கொறச்சுக்க" என்றேன். மகளுக்குக் காது கேட்காது என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் சட்டென்று பாட்டை நிறுத்தினாள். பாட்டுப் போட்டதே தப்பு என்பதுபோல அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. வேகவேகமாக ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

மகள் அதைப் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஸ்பீக்கரைக் காட்டி, எதற்கு எடுக்கிறாள் என்று கேட்டாள். நமக்கு வேண்டாம் என்று சொன்னேன். வேண்டும் என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

அவள் விரலால் மூக்கின் பக்கத்தைத் தொட்டாள், மூக்குத்தி போடுகிற இடத்தை. அவர்கள் பேச்சில் அது அம்மா. அப்புறம் எனக்குப் புரிய வேண்டுமே என்று, பஸ் ஸ்டாண்டுக்குப் போவது நின்ற நாளிலிருந்து யாரிடமும் பேசாத பேச்சை எல்லாம் சேர்த்து வைத்தவள்போல மெதுவாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அம்மா துணி துவைக்கிறாள். எதிர்வீட்டில் டி.வி. ஓடுகிறது. அம்மாவின் வாய் அசைகிறது. பேச்சு இல்லை, வேறு மாதிரி அசைவு. நான் பக்கத்தில் போகிறேன். அம்மா வாயை மூடிக்கொள்கிறாள். நம் வீட்டில் பாட்டே இல்லை. எனக்குக் கேட்காது என்பதால்தான் இல்லை. அம்மா பாவம்.

எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது உண்மை. மகளுக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்ன வருஷத்தில் அது கெட்டுப்போனது. சரிசெய்யலாம் என்று நான் சொன்னதற்கு, இருக்கட்டும் என்று மனைவி பரண்மேல் போட்டாள். அதற்குமேல் நான் அதைப் பற்றி நினைத்ததில்லை. என் மகளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விற்கிற பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் சொன்னேன். "ஸ்பீக்கரும் இருக்கட்டும்மா. அவுங்க அம்மாவுக்கு வேணுமாம்."

மேற்கொண்டு நான் பேரம் பேசவில்லை. அவளும் விலையில் எதையும் குறைக்கவில்லை, முடிந்திருக்காது. ஆனால் உடனே எழுந்து போகவிடாமல் உட்கார வைத்து, பாட்டு ஏற்றித் தருகிறேன் என்றாள். "ஆன்ட்டிக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் அங்கிள்?"

நான் மகளைக் கேட்டேன். மகள் சிரித்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு, தன் ரூம் சிநேகிதியின் அம்மாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பழைய பாட்டு மொத்தத்தையும் ஏற்றிவிட்டாள்.

திரும்பும்போது நான் பயணி. மானிட்டர் வீட்டில் இருந்ததால் என் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும், மகள் மடியில் ஸ்பீக்கர். அன்றைக்கு வண்டியில் இருந்த கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர். லக்கேஜ் டிக்கெட் வேண்டாம் அண்ணே என்றார். பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். எத்தனை பிள்ளைகளிடம் கறாராக வாங்கியிருக்கிறேன்.

இன்டர்நெட் பெட்டியை மாற்றிக்கொடுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வருவதற்கு மேலும் சில நாள் ஆயிற்று. அதுவரை ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்தது. மனைவி அதைப் பார்த்ததும், "இது எதுக்கு, தெண்டச் செலவு" என்றாள். மகள் பாட்டைத் தட்டிவிட்டாள். சத்தம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாதே, தெருவே கேட்டது.

"ஐயோ, கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க. பாவம், புள்ளைக்குத் தொந்தரவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று புரிந்து மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது பாட்டு வந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதற்கு வாய் அசைந்தது. மகள் எதிரில் உட்கார்ந்து அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தமுறை மனைவி வாயை மூடவில்லை.

இன்டர்நெட் வந்த சாயந்திரம் தோழி திரையில் வந்தாள். இரண்டு பேரும் முதலில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு தோழி கொட்ட ஆரம்பித்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், விருத்தாசலத்துப் பையன், அவனுக்கும் காது கேட்காது. பிடித்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டதற்குச் சரி என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறாள். பிடித்திருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது, அவன் சிரிக்கும்போது ஒரு பல் மட்டும் தெரிகிறது என்பதையெல்லாம் சொல்ல ஆள் இல்லாமல் மாசக்கணக்கில் வைத்திருந்திருக்கிறாள். இதை எனக்கு மகள் அப்புறம் சொன்னாள். அப்போது அவள் அந்த ஒற்றைப் பல்லை நடித்துக் காட்டி, நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. தோழி விருத்தாசலம் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை. மகளுக்கு அடுத்த வருஷம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் செய்கிற வேலை கிடைத்தது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் அதற்கான பழக்கமெல்லாம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவள் தன் சம்பளத்தில் லேப்டாப் வாங்குகிறவரை அது ஓடியது.

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுச் சாயந்திரம் இப்படித்தான் இருக்கும். ஸ்பீக்கரில் பாட்டு. மகள் திரைக்கு முன்னால். அவள் நாற்காலிக்குப் பின்னால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு மனைவி. பாட்டுக் கேட்க என்று வந்து நின்றவள், நாளாக ஆகத் திரையில் தோழி பேசுவதைப் பார்த்துப் பார்த்து, சாப்பாடு, காய்ச்சல் தாண்டி எல்லாச் சைகையும் கற்றுக்கொண்டுவிட்டாள். கீரையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் பேச்சில் கலந்துகொள்வாள். டூட்டி முடிந்து நான் வரும்போது மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்ன விஷயம் என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்ல, சும்மா" என்பாள் மனைவி. மகள் என்னைப் பார்த்துவிட்டுத் திரையில் ஏதோ சொல்வாள். மறுபடியும் சிரிப்பு. நான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போவேன்.